கோப்பு வந்தா அடுப்பு பத்திக்கணும்

இந்தப் பக்கம் டெக்னிக்கலா ஒரு பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல புடுங்குற ஆணியையே இங்கயும் வந்து புடுங்கணுமான்னு ஒரு அலுப்புதான். ஆனா இந்தத் தடவை ஆபீஸ் ஆணி இல்லை, வீட்டு ஆணி. அதனால பொட்டி தட்டாத நண்பர்களும் தைரியமா உள்ளே வரலாம். நடுவுல அமேசான், லாம்ப்டா, கன்டெய்னர்னு கொஞ்சம் பேச்சு வரும். பயந்துடாதீங்க, கல்யாண சமையல் கதையா மாத்திச் சொல்லிடறேன் :-)

மேட்டர் இதுதான். எங்கப்பா 1981லிருந்து 1989 வரைக்கும் துபாயில் வேலை பார்த்தார். அந்தக் காலத்து வளைகுடா குடும்பங்களுக்கு இதைச் சொன்னாலே மீதியும் புரிந்துவிடும். திருத்துறைப்பூண்டி பக்கத்துல எங்க ஊர்ல அப்போ ஃபோன் இருந்த வீடு ஒண்ணோ ரெண்டோ. கடுதாசி போய்ச் சேர வாரக்கணக்கு. அதனால கேசட். அப்பா ராத்திரி ரூம்ல உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிஞ்சு, லீவுக்கு ஊருக்கு வர்ற ஆள் கையில கொடுத்து அனுப்புவார். நாங்க எல்லாரும் சுத்தி உட்கார்ந்து கேட்டுட்டு, இன்னொரு கேசட்ல பதில் பேசி, திரும்பிப் போற ஆள் கையில அனுப்புவோம். நாங்க பேசினதையும் அப்பா பத்திரமா வெச்சிருந்து, ஊருக்கே வந்தப்போ பெட்டியில அடுக்கிக்கொண்டு வந்துட்டார்.

மொத்தம் 43 கேசட். அம்மா பீரோவில் 19. மீதி கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டிலும், திருச்சியில் அக்கா வீட்டிலும், சிங்கப்பூரில் அத்தை பையன்கிட்டயும் சிதறிக் கிடக்கு. அப்பா 2011ல் போயிட்டார். அம்மாவுக்கு இப்போ 78. காது வர வரக் குறைஞ்சுக்கிட்டு வருது. கேசட்டும் அப்படித்தான், சில நாடாக்களில் பூஞ்சை, சிலதில் நாடாவே பிசுபிசுன்னு ஒட்டுது. ரெண்டும் ஒரே நேரத்துல தேயுதே, எது முந்தும்னு யோசிச்சாலே பகீர்னு இருந்தது. இந்த வேலையைத் தொடங்கினது அதனாலதான்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏத்துறது பெரிய வித்தை இல்லை. யூஎஸ்பியில மாட்டுற கேசட் பிளேயர் ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தாச்சு. ஆனா அதுக்கு அப்புறம்தான் நிஜமான வேலை. இரைச்சலைக் குறைக்கணும், அம்மா காதுக்கு எட்டுற அளவுக்குச் சத்தத்தைத் தூக்கணும், மொபைலில் கேட்கிற மாதிரி எம்பி3 ஆக்கணும், எந்தக் கேசட்டில் என்ன பேச்சுன்னு தேட ஒரு எழுத்து வடிவமும் வேணும். சித்தப்பாவுக்கு 74 வயசு. காலையில 5 மணிக்கு எழுந்து காபி குடிச்சிட்டு உட்கார்ந்தார்னா ஒரு பக்கம் ஓட்டி முடிச்சிடுவார். அவர்கிட்டப் போய் "சித்தப்பா, இந்த மென்பொருளைத் திறந்து, இந்தக் கட்டளையைத் தட்டுங்க"ன்னு சொல்ல முடியுமா? அவர் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்: கோப்பை ஏத்தணும். மீதியெல்லாம் தானா நடக்கணும். அந்த நேரத்துல நான் தூங்கிட்டு இருக்கலாம், ரயில்ல இருக்கலாம். எனக்காக எதுவும் காத்திருக்கக் கூடாது.

இப்ப சமையல் கதைக்கு வருவோம்.

கல்யாண மண்டபத்துல உக்கிராண அறை இருக்கும் இல்லையா? காய்கறி, அரிசி, பருப்பு எல்லாம் முதல்ல அங்கதான் இறங்கும். அமேசானின் எஸ்3 அந்த மாதிரி. 2006 மார்ச்சில் வந்தது. கோப்பைப் போட்டு வைக்கிற இடம், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற அறைக்கு 'பக்கெட்'னு பேரு.

உக்கிராண வாசல்ல ஒரு பையன் நிக்கிறான். லோடு வந்து இறங்கினதும் அவனுக்குத் தகவல் போகும். அவன்தான் லாம்ப்டா. 2014 நவம்பரில் அமேசான் அறிவிச்சது. இவனுக்கு மாசச் சம்பளம் கிடையாது, ஓடின நேரத்துக்கு மட்டும் காசு. யாரும் கூப்பிடாத நேரத்தில் அவன் இருக்கவே மாட்டான். 'சர்வர்லெஸ்'னு சொல்றது இதைத்தான். சர்வர் எங்கேயோ இருக்கு, ஆனா அதைக் கட்டி மேய்க்கிற வேலை நமக்கு இல்லை.

அப்படின்னா சமையலையும் அந்தப் பையனையே செய்யச் சொல்லிடலாமேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பையன் அதிகபட்சம் 15 நிமிஷம்தான் ஓடுவான். 2018 அக்டோபருக்கு முன்னாடி 5 நிமிஷம்தான் இருந்தது, அப்புறம்தான் ஏத்தினாங்க. 15வது நிமிஷம் அடுப்புல என்ன இருந்தாலும் அப்படியே விட்டுட்டுப் போயிடுவான். சி-60 கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிஷம். சிடி தரத்துல, ரெண்டு சானலா பதிஞ்சா நிமிஷத்துக்கு 10 எம்பிக்குக் கொஞ்சம் மேல. ஆக ஒரு பக்கம் 300 எம்பிக்கு மேல போகும். சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிஷம், 470 எம்பிக்கு மேல. இதைச் சுத்தம் பண்ணி, பேச்சை எழுத்தாக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகுது. பையனால ஆகாது.

அதுக்குத்தான் சமையல் மாஸ்டர். நல்ல மாஸ்டர் மண்டபத்துப் பாத்திரத்தை நம்ப மாட்டார். அண்டா, கரண்டி, அரிவாள்மணை, மசாலாப் பொடி வரைக்கும் தன்னோட வண்டியிலயே கொண்டு வந்துடுவார். எந்த ஊர் மண்டபத்துக்குப் போனாலும் சாம்பார் ஒரே ருசி. கன்டெய்னர்னா இதுதான். 2013ல் டாக்கர் வந்த பிறகு இது பரவலாச்சு. என்னோட கன்டெய்னருக்குள்ள எஃப்எஃப்எம்பெக் இருக்கு, ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் திறந்த மூலமா வெளியிட்ட விஸ்பர் இருக்கு, ரெண்டையும் வரிசையா ஓட்டுற ஒரு சின்ன பைத்தான் நிரலும் இருக்கு.

மாஸ்டர் வந்தா அடுப்பங்கரை வேணுமே? அதுதான் ஃபார்கேட். 2017 நவம்பரில் வந்தது. "எனக்கு 4 சிபியு, 16 ஜிபி நினைவகம் உள்ள அடுப்பு ஒண்ணு வேணும்"னு கேட்டா கொடுப்பாங்க. வேலை முடிஞ்சதும் அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்பிடலாம். ஓடின விநாடிக்குக் கணக்கு, குறைஞ்சது ஒரு நிமிஷம்.

இப்ப கதை முழுசாச்சு. சித்தப்பா கோப்பை ஏத்துறார். எஸ்3 தகவல் சொல்லுது. லாம்ப்டா பையன் எழுந்து, எந்த பக்கெட், என்ன கோப்புன்னு ஒரு சீட்டுல எழுதி, 'ரன் டாஸ்க்'னு ஒரு கூப்பாடு போட்டு, சீட்டை மாஸ்டர்கிட்ட கொடுத்துட்டுப் போய்ப் படுத்துக்கிறான். அவன் ஓடினது ரெண்டு மூணு விநாடி. மாஸ்டர் அடுப்பைப் பத்தவெச்சு, சமைச்சு, இன்னொரு பக்கெட்டுல வெச்சுட்டு, பாத்திரத்தைக் கழுவிட்டுப் போயிடறார். காலையில நான் கண்ணு முழிக்கும்போது எம்பி3 தயார்.

காசு எவ்வளவுன்னு கேட்காம விடமாட்டீங்க. வர்ஜீனியா பகுதியின் விலைப்படி ஒரு சிபியுவுக்கு மணிக்கு 0.04048 டாலர், ஒரு ஜிபி நினைவகத்துக்கு மணிக்கு 0.004445 டாலர். 4 சிபியு, 16 ஜிபி ஒரு மணி நேரம் ஓடினா 0.233 டாலர். நம்ம காசுக்கு 20 ரூபாய் சுமார். மும்பையில் கொஞ்சம் வித்தியாசப்படும். 43 கேசட், 86 பக்கம், ஆக 1,700 ரூபாய் சொச்சத்துக்கு மொத்தக் கதையும் முடிஞ்சிடும். அதே அடுப்பை மாசம் முழுக்க எரியவிட்டா 170 டாலர் ஆகும். சித்தப்பா வாரத்துக்கு ரெண்டு பக்கம் ஓட்டுவார். அதுக்குப் போய் மாசம் முழுக்கக் கேஸ் எரிப்பாங்களா?

இனி பொட்டி தட்டுறவங்களுக்கு மட்டும். மத்தவங்க ரெண்டு மூணு பத்தி தாண்டிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். இதைக் கட்டும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் இவை.

ஒண்ணு, கோப்புப் பேரு. எங்க குடும்பத்துல எல்லாரும் தமிழ்லதான் பேர் வைப்பாங்க. "அப்பா துபாய் 1984 முதல் பக்கம்"னு இருக்கும். எஸ்3 அனுப்புற தகவலில் இது அப்படியே வராது. இடைவெளி எல்லாம் கூட்டல் குறி ஆயிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8ல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட சேர்த்து 3 எழுத்து. 'அப்பா'ங்கற சொல்லுக்கு யூனிகோடில் 5 குறிகள், ஆக அது 45 எழுத்துள்ள மந்திரமா வந்து நிக்கும். அதைப் பிரிச்சுப் பழைய பேராக்கிட்டுத்தான் மாஸ்டர்கிட்ட கொடுக்கணும். இல்லாட்டி அப்படி ஒரு கோப்பே இல்லைன்னு கைவிரிச்சிடுவார். இங்கிலீஷ்ல இடைவெளி இல்லாம பேர் வைக்கிற ஊர்க்காரங்களுக்கு இந்தப் பிரச்சனையே தெரியாது. இணையத்துல கிடைக்கிற பல உதாரண நிரல்களில் இந்த வரி இருக்காது. தமிழ்ல எழுதுறவங்க நாமதான் பார்த்துப் போட்டுக்கணும்.

ரெண்டு, கோப்பு எப்படி வருதுங்கறது. சித்தப்பா ஏத்துற கோப்பு ஒரே துண்டா வந்தா அது 'புட்'. சிங்கப்பூர் அத்தை பையன் கட்டளை வரியில ஏத்துவான். 8 எம்பிக்கு மேல போனா அந்தக் கருவி கோப்பைத் துண்டு துண்டா அனுப்பிக் கடைசியில ஒட்டும். அப்போ எஸ்3 சொல்ற தகவலுக்கு வேற பேரு. 'புட்' வந்தா மட்டும் எழுப்புன்னு சொல்லி வெச்சா, சிங்கப்பூர் கேசட் எல்லாம் உக்கிராணத்துலயே கிடக்கும், பையன் குறட்டை விட்டுட்டு இருப்பான். எந்த வழியில வந்தாலும் எழுப்புன்னு சொல்லிடறது உத்தமம். அதே மாதிரி வால் பகுதியை வெச்சு வடிகட்டினா, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற. சில கருவிகள் 'வேவ்' என்பதைப் பெரிய எழுத்துல வைக்கும். ரெண்டுக்கும் தனித்தனியா விதி போடணும்.

மூணு, சமைச்சதை அதே உக்கிராணத்துல வைக்காதீங்க. சமைச்ச சாப்பாட்டையும் பையன் புது லோடுன்னு நினைச்சு இன்னொரு மாஸ்டரைக் கூப்பிடுவான். அவர் சமைச்சதுக்கு இன்னொருத்தர். கண்ணாடிக்கு எதிர்ல கண்ணாடி வெச்ச கதை. நண்பர் ஒருத்தர் வேலை பார்த்த கம்பெனியில, படத்தைச் சின்னதாக்குற ஒரு லாம்ப்டா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சுத் திங்கக்கிழமை காலை வரைக்கும் தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டு இருந்ததாம். பில் வந்தப்போ மேனேஜர் முகத்தைப் பார்க்கணுமேன்னு இப்பவும் சிரிப்பார். வரவு பக்கெட் வேற, செலவு பக்கெட் வேறன்னு வெச்சுட்டா இந்த வம்பே இல்லை.

நாலு, ஒரே தகவல் ரெண்டு தடவை வரலாம். எஸ்3 "குறைஞ்சது ஒரு தடவை சொல்வேன்"னுதான் வாக்குக் கொடுக்குது, "ஒரே ஒரு தடவை"ன்னு இல்லை. ஒரு கேசட்டுக்கு ரெண்டு மாஸ்டர் வந்து அடிச்சுக்கக் கூடாது. ரன் டாஸ்க் கூப்பிடும்போது கூடவே ஒரு டோக்கன் கொடுக்கலாம், 64 எழுத்து வரைக்கும். பக்கெட் பேரு, கோப்புப் பேரு, தகவலோட வரிசை எண் மூணையும் சேர்த்து ஒரு ஹாஷ் எடுத்து டோக்கனா கொடுத்துட்டா, ரெண்டாவது கூப்பாட்டுக்குப் புது அடுப்பு எரியாது.

அஞ்சு, பையன் சொல்றதை முழுசா நம்பக் கூடாது. ரன் டாஸ்க் "சரி"ன்னு பதில் சொல்லும், ஆனா அந்தப் பதிலுக்குள்ளேயே தோல்விப் பட்டியல்னு ஒண்ணு இருக்கும். அடுப்பு காலி இல்லைங்கற சேதி அதுலதான் வரும். அதைத் திறந்து பார்க்காத நிரல், எல்லாம் நல்லா நடக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கும். அடுத்தது, அடுப்பு பத்தின பிறகு 40வது நிமிஷத்துல மாஸ்டர் மயங்கி விழுந்தாலும் பையனுக்குத் தெரியாது. அவன் அப்பவே தூங்கப் போயாச்சு. அதனால டாஸ்க் நின்னதும் என்ன காரணத்தால நின்னுச்சுன்னு தகவல் சொல்ற ஈவென்ட்பிரிட்ஜ் விதி ஒண்ணு போட்டு, தப்பா நின்னா எனக்கு மெயில் வர மாதிரி வெச்சிருக்கேன். நின்னுபோன டாஸ்க்கை ரொம்ப நேரம் திரையில வெச்சிருக்க மாட்டாங்க, சாவகாசமா வந்து பார்த்துக்கலாம்னா காணாமப் போயிருக்கும்.

ஆறு, அதிகாரம். மாஸ்டரைக் கூப்பிட பையனுக்கு அனுமதி கொடுத்தா மட்டும் போதாது. மாஸ்டர் உக்கிராணத்துக்குள்ள போக ஒரு சாவி வேணும் இல்லையா, அந்தச் சாவியைக் கை மாத்திக் கொடுக்கவும் பையனுக்குத் தனி அனுமதி வேணும். 'பாஸ் ரோல்'னு பேரு. அதே மாதிரி, அடுப்பங்கரைக்கு இணையம் போற வழியையும் யோசிச்சு வைக்கணும். இல்லாட்டி மாஸ்டரோட வண்டியே வந்து சேராது. அதுக்குன்னு நாட் கேட்வே வாங்கினா சும்மா இருந்தாலும் வர்ஜீனியா விலையில மாசம் 32 டாலருக்கு மேல ஆகும். சமையல் செலவை விட வாசக்கதவுச் செலவு ஜாஸ்தி. என்னை மாதிரி ஆளுக்குப் பொது ஐபி கொடுத்து, உள்ளே வர்ற வழியை மூடி, வெளியே போற வழியை மட்டும் திறந்து வெச்சாலே போதும்.

பொட்டி ஜனங்களுக்கு அவ்வளவுதான். போனவங்க எல்லாம் திரும்பி வாங்க.

முதல் பத்துப் பன்னிரண்டு கேசட் ஜோரா ஓடிச்சு. சித்தப்பா 5 மணிக்கு ஏத்துவார், 7 மணிக்கு எல்லாம் எங்க குடும்ப வாட்ஸப்புல "வந்துடுச்சா?"ன்னு கேட்பார். வந்துடுச்சு சித்தப்பான்னு சொல்லும்போது ஒரு சந்தோஷம் இருக்கே! அப்பா குரல் இவ்வளவு இளசா இருந்ததை நானே மறந்துட்டேன். ஒரு கேசட்டில் நாலு வயசு அக்கா மாடு கன்னு போட்ட கதையை மூச்சு விடாம சொல்றா. பின்னாடி ஆயா "போதும்டி, மத்தவங்களும் பேசட்டும்"னு அதட்டுறது கேட்குது.

எழுத்தாக்கம் அரைகுறைதான். எங்க ஊர்ப் பேச்சும் நாடா இரைச்சலும் சேர்ந்தா விஸ்பர் பாவம், தடுமாறிடுது. "கருக்கா நெல்லு"ன்னு அப்பா சொன்னதை என்னென்னவோ எழுதி வெச்சிருந்தது. தேடுறதுக்குத்தானே, போகட்டும்னு விட்டுட்டேன்.

1986 கேசட் ஒண்ணு. ஆயா இறந்த செய்தி அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவர் பேசி அனுப்பினது. ஆயா அடக்கத்துக்கு அவரால வர முடியலை. அம்மா அந்த எம்பி3யைக் காதுல மாட்டிக் கேட்டுட்டு இருந்தாங்க. கூடவே எழுத்து வடிவத்தையும் பெரிய எழுத்துல அச்செடுத்துக் கொடுத்திருந்தேன், காதுக்கு எட்டாத இடத்தைப் பார்த்துக்கட்டும்னு. ஒரு இடத்துல அம்மா நிறுத்திட்டு என்னைக் கூப்பிட்டாங்க.

"தம்பி, இங்க என்னமோ எழுதியிருக்கே. உங்கப்பா இதையெல்லாம் சொல்லலையே."

வாங்கிப் பார்த்தேன். 'சரி சரி பார்த்துக்கலாம்'னு ஒரு வரி. அதே வரி அடுத்தடுத்து ஏழு தடவை.

"இங்க அவர் பேசவே இல்லைடா. அழுதுக்கிட்டு இருக்கார். சத்தம் வராம அழுவார் அவர். எனக்குத் தெரியும்."

போட்டுக் கேட்டேன். 40 விநாடி. நாடா ஓடுற இரைச்சல் மட்டும்தான் இருக்கு. நடுவுல ஒரு தடவை மூச்சு இழுக்கிற சத்தம். விஸ்பருக்கு இது தெரிஞ்ச வியாதிதான். மௌனமான இடத்துல அது சும்மா இருக்காது. இல்லாத வாக்கியத்தை இட்டுக்கட்டும், இல்லாட்டி முன்னாடி கேட்டதையே திரும்பத் திரும்ப எழுதும். ஒலியை 30 விநாடித் துண்டா வாங்கி, அதுக்குப் பொருத்தமான வார்த்தை எதுன்னு யூகிக்கிறதுதான் அதோட வேலை. பேச்சே இல்லாத துண்டைக் கொடுத்தாலும் யூகிக்கத்தான் பார்க்கும். ஆபீஸ் மீட்டிங்கை எழுத்தாக்கும்போது ஒரு வரி இப்படி வந்தா சிரிச்சுட்டு அழிச்சுடுவோம். இது எங்கப்பா அழுத இடம்.

இங்கதான் எனக்கு 'தானா நடக்குறது'ங்கறதைப் பத்தி ஒரு யோசனை வந்தது. இந்த ஏற்பாட்டுல கோப்பு ஏறினதுக்கும் அச்சு வந்ததுக்கும் நடுவுல மனுஷக் கண்ணு எதுவும் படலை. அப்படித்தான் வேணும்னு கேட்டு வாங்கினது. அது வேகத்துக்கு நல்லது, சித்தப்பாவுக்கு நல்லது, செலவுக்கும் நல்லது. ஆனா அம்மா இல்லாம போய், இன்னும் 30 வருஷம் கழிச்சு என் பொண்ணு அந்த அச்சை மட்டும் எடுத்துப் படிச்சான்னு வைங்க. தாத்தா தன் அம்மா செத்ததுக்கு "சரி சரி பார்த்துக்கலாம்"னு சொன்ன மனுஷன்னுதான் நினைப்பா. மறுத்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க. கேசட் பூஞ்சை பிடிச்சு அழிஞ்சா குரல்தான் போகும். இந்த அச்சு தங்கிட்டா, அப்பா சொல்லாத ஒண்ணு அவர் சொன்னதாவே நிலைச்சிடும். எனக்கு ரெண்டாவதுதான் ஜாஸ்தி பயமா இருந்தது.

அதனால மாஸ்டரோட சமையல் குறிப்பு மாறிடுச்சு. முதல்ல எஃப்எஃப்எம்பெக்கோட மௌனம் கண்டுபிடிக்கிற வடிகட்டி ஓடும். நாடா இரைச்சலையே பேச்சுன்னு எடுத்துக்காத அளவுக்கு அதோட டெசிபல் எல்லையை நாலஞ்சு கேசட்டில் ஓட்டிப் பார்த்துதான் வெச்சேன். ரெண்டு விநாடிக்கு மேல பேச்சு இல்லைன்னா அந்தத் துண்டு விஸ்பர்கிட்ட போகவே போகாது. அச்சுல அந்த இடத்துல அடைப்புக்குறிக்குள்ள 'மௌனம், 40 விநாடி'ன்னு மட்டும் வரும். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்துல எத்தனையாவது நிமிஷம்னு குறிச்சிடும், சந்தேகம்னா போய்க் கேட்டுக்கலாம். அச்சோட தலைப்புலயே "இது இயந்திரம் எழுதினது, கேட்டுச் சரிபார்க்கலை"ன்னு ஒரு வரி. யாராவது முழுசாக் கேட்டுத் திருத்தினா அந்த வரியை எடுத்துட்டுத் திருத்தினவங்க பேரையும் தேதியையும் போடணும்னு குடும்பத்துல பேசி முடிவு பண்ணியிருக்கோம். மூல ஒலிக்கோப்பு மேல யாரும் கை வைக்க முடியாது. பக்கெட்டுல பதிப்புப் பாதுகாப்பு போட்டாச்சு, தெரியாம அதே பேருல இன்னொண்ணு ஏத்தினாலும் பழசு அப்படியே இருக்கும்.

மாத்தின குறிப்போட எல்லாக் கேசட்டையும் திரும்ப ஓட்டறது கஷ்டமோன்னு நினைச்சேன். கன்டெய்னரோட சௌகரியம் அப்பதான் புரிஞ்சது. புது இமேஜை ஏத்திட்டு, கோப்புப் பட்டியலை வெச்சு லாம்ப்டா பையனை ஒவ்வொண்ணுக்கா கையால தட்டி எழுப்பினேன். அடுப்புகள் வரிசையாப் பத்திக்கிட்டு, அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சது. ஒரே ஒரு கம்ப்யூட்டரா இருந்தா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு ராப்பகலா ஓடியிருக்கும்.

இப்போதைக்கு 31 கேசட் முடிஞ்சிருக்கு. மூணு கேசட்டுல நாடா ஒட்டிப்போயிருக்கு, அதுக்கு மேகமும் உதவாது, லாம்ப்டாவும் உதவாது. திருச்சியில பழைய டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன் வேற கூட்டுக்கு மாத்திப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். அக்கா அடுத்த வாரம் கொண்டு போறா. அம்மா தினமும் மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு பக்கம் கேட்கிறாங்க. அச்சுல தப்பு இருந்தா பேனாவால அடிச்சு மேலே எழுதி வைக்கிறாங்க, அந்தக் காலத்து எட்டாம் வகுப்புக் கையெழுத்து. "கருக்கா நெல்லு" திருத்தியாச்சு :-)

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு அட்டைப்பெட்டி கிடக்கும். மேகம், கன்டெய்னர் எல்லாம் அப்புறம். முதல்ல கேசட்டை வெளியில எடுத்து, ஒரு தடவை முழுசா ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏத்தி, ரெண்டு இடத்துல வெச்சிடுங்க. அதைக் கேட்டு "இங்க அவர் பேசலை"ன்னு சொல்லக்கூடிய ஆள் வீட்டுல இருக்கும்போதே செஞ்சிடுங்க.

கொசுறு: லாம்ப்டா நிரல் மொத்தமே 40 வரிதான். கோப்புப் பேரைப் பிரிக்கிற வரி, டோக்கன் வரி, தோல்விப் பட்டியலைப் பார்க்கிற வரி மூணும் இல்லாம யாராவது கொடுத்தா வாங்காதீங்க. தமிழ்ல பேர் வைக்கிற குடும்பத்துக்கு அது ஆகாது.